கண் வைக்க இடமில்லாத டெலஸ்கோப்

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் திண்டுக்கல்லில் பாதிக் குடும்பங்கள் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு, அந்த ஆளிடம் வேலை பார்த்தவள் நீதானே என்று என்னிடம் நியாயம் கேட்க வந்துவிடும். மீதிப் பாதி அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கூட்டம். அவர்களுக்குப் பெயர் சொல்லத் தேவையே இல்லை. நாகல் நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த கல்யாண போட்டோக்காரர். ஊருக்கு அவர் பாய், எனக்கு அண்ணன். மூன்று வருஷம் அவர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் டிசைன் செய்தேன். அந்த மூன்று வருஷமும் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா எலும்பு எத்தனை என்று தெரிந்துபோயிற்று.

அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று அவரும் சொல்லமாட்டார், அடுத்தவரையும் சொல்ல விடமாட்டார். டீக்கடையில் யாராவது, "பாய், நேத்து பைபாஸ்ல பெரிய ஆக்சிடென்ட்டு" என்று ஆரம்பித்தால் போதும்.

"நீ பாத்தியா?"

"இல்ல பாய், மச்சான் சொன்னான்."

"அப்ப மச்சானக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் ஒண்ணும் நடக்கல."

இந்தக் குணம் ஒரு வக்கீலுக்கு இருந்திருந்தால் ஊர் மெச்சியிருக்கும். கல்யாண போட்டோக்காரருக்கு இருந்தால் கடை உருப்படுமா? கல்யாண ஆல்பம் என்பதே பாதி ஆசை, பாதி ஒட்டு. சிங்கப்பூரிலிருந்து வரமுடியாமல் போன சித்தப்பாவைக் குடும்பப் படத்தில் ஓரமாக நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்பார்கள். எந்தக் கடையிலும் செய்துகொடுப்பார்கள். எங்கள் பாய் மட்டும், "வராத ஆள வந்தாருன்னு நான் எப்படிங்க சொல்றது? அவரு வந்ததும் சொல்லுங்க, எல்லாரையும் நிக்க வச்சு எடுத்துத் தாரேன்" என்பார். அதே போலச் செய்தும் கொடுத்தார். பட்டுச்சேலை, மாலை எல்லாவற்றையும் மறுபடி போட்டுக்கொண்டு அந்தக் குடும்பமே வந்து நின்றது. கல்யாணப் பெண் அப்போது ஏழு மாதம். அந்தப் படம்தான் அந்த ஆல்பத்திலேயே நல்ல படம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் அப்படிப்பட்ட உத்தமி இல்லை. ஆத்தூர் டேம் கரையில் எடுத்த ஒரு ஜோடிப் படத்தில் வானம் வெறுமையாகக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. நெட்டிலிருந்து தோசைக்கல் அளவுக்கு ஒரு முழு நிலாவை எடுத்து அவர்கள் தலைக்குப் பின்னால் ஒட்டிவிட்டேன். பார்த்த பெண் வாயைப் பிளந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த இரண்டு ஜோடிக்கும் அதே நிலாவை ஒட்டினேன். ஒரு நாள் மூன்று ஆல்பமும் ஒன்றாகப் பிரிண்ட் ஆகி வந்தன. பாய் மூன்றையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்த நெலா எந்த ஊரு?"

"நெட்டுலருந்து எடுத்ததுண்ணே."

"மூணு சோடிக்கும் ஒரே நெலாவா?"

"ஒலகத்துக்கே ஒரே நெலாதானண்ணே?"

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போய் தினசரி காலண்டரை எடுத்து வந்தார். அந்த முதல் ஜோடியைப் படம் எடுத்த நாள் அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்.

"அன்னைக்கு நெலா இம்புட்டுத்தான் இருந்திருக்கும்." சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். "அந்தப் புள்ள நாளைக்கு அதோட புள்ளைக்கு இதக் காட்டி, அப்பாவும் அம்மாவும் பௌர்ணமியில நின்னோம்னு சொல்லும். பொய்யின்னு அதுக்கே தெரியாது. அந்தப் பாவம் நம்ம தலையிலல்ல விடியும்?"

இனி யாருக்காவது நிலா வேண்டுமென்றால் அன்றைய நிலாவை நாமே எடுப்போம் என்று முடிவாயிற்று. கையில் இருந்த கேமராவில் எடுத்தால் நிலா ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் வந்தது. பாய் ஒரு வாரம் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். அதற்கென்றே சின்னதாக, கற்றுக்குட்டிகளும் வானத்தைப் படம் எடுக்கும்படி ஸ்மார்ட் டெலஸ்கோப் என்று ஒன்று வந்திருக்கிறதாம். ஆர்டர் போட்டார்.

பெட்டி வந்த நாளை மறக்கவே முடியாது. டெலஸ்கோப் என்றால் பீரங்கி மாதிரி ஒரு குழாய் வரும் என்று நானும், பாயின் மனைவியான அக்காவும் ஆவலாக நின்றோம். உள்ளே இருந்தது இரண்டடுக்கு டிபன் கேரியர் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு டப்பா. கூடவே ஒரு சாண் உயரத்தில் முக்காலி. பாய் டப்பாவை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், தலைகீழாகக் கவிழ்த்தார்.

"கண்ண எங்க வைக்கிறது?"

கூட வந்த சிறு புத்தகத்தை நான்தான் படித்துச் சொன்னேன். கண் வைக்க இடமே கிடையாது. போனில் பெயரைத் தொட்டால் போதும், டப்பாவே வானத்தைப் படம் பிடித்துப் பார்த்து, தான் எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று கண்டுபிடித்து, கேட்ட நட்சத்திரத்தின் பக்கம் திரும்பி, எடுத்த படத்தைப் போனுக்கு அனுப்பிவிடும்.

பாய் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நான் பாக்க மாட்டேனா? அது பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுமா? இது மச்சான் சொன்னாங்கிற கதையால்ல இருக்கு!"

"பேசாம திருப்பி அனுப்பிருங்க," என்றார் அக்கா.

அனுப்பவில்லை. அன்று சாயங்காலம் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் மொட்டைமாடியில் அதை நிறுத்தினோம். மாசி மாதம். மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அது உச்சியில் நின்றது. அதற்குக் கீழே ஒரு மேகம் இருக்கிறதாம், அதைத் தொட்டேன். டப்பா தூங்கி எழுந்த பூனை மாதிரி மெல்லக் கழுத்தை நிமிர்த்தி, வலமும் இடமும் பார்த்துவிட்டு நின்றது. முதல் படம் பழைய டிவியில் புள்ளி புள்ளியாக ஓடுமே, அப்படி இருந்தது. அடுத்த பத்து விநாடியில் இன்னொன்று எடுத்து அதன்மேல் வைத்தது. பிறகு இன்னொன்று. அடுக்க அடுக்க அழுக்கு போய்க்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷத்தில் போன் முழுக்க இளஞ்சிவப்பாக ஒரு பூ விரிந்து நின்றது.

"யா அல்லா!" என்றார் பாய். அவ்வளவுதான், ஒற்றைச் செருப்போடு மாடிப்படியில் இறங்கி ஓடினார். திரும்பி வரும்போது கையில் கரண்டியோடு அக்கா, கீழே மருந்துக்கடைக்காரர், மருந்து வாங்க வந்தவர் இரண்டு பேர், ஓர் ஆட்டோக்காரர், அந்த ஆட்டோவில் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சவாரி. எல்லோரும் மாடியில்! போனைப் பார்த்து எல்லோரும் ஆகா ஊகா என்றார்கள். ஆனால் பாய் அதோடு விடுகிற ஆளா?

"போன்ல பாத்தாச்சுல்ல, இப்ப நிமிந்து பாரு. அந்த மூணுக்குக் கீழ மசமசன்னு ஒண்ணு தெரியுதா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, வெக்கப்படாத."

ஒவ்வொருவரையும் பரீட்சை வைத்துத்தான் கீழே அனுப்பினார். சவாரிக்காரருக்கு ரயில் போய்விட்டது. ஆனால் அந்த மனிதர் கோபிக்கவே இல்லை, இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

டப்பா வந்த பிறகு எங்கள் கடைக்கே ஒரு பைத்தியம் பிடித்தது. நிலா வேண்டும் என்றவர்களுக்கு அன்றன்றைய நிலா, அது கீற்றானாலும் பாதியானாலும். அதோடு நிற்காமல் பாய் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். ஜாதகம் பார்த்துத்தானே கல்யாணம் செய்கிறார்கள்? பெண்ணுக்கு ஒரு நட்சத்திரம், மாப்பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். யாராவது அதை வானத்தில் பார்த்ததுண்டா? ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேர் நட்சத்திரத்தையும் எடுத்துப் போடுவோம், நம்முடைய அன்பளிப்பு.

ரோகிணிப் பெண்ணுக்கு அழகாக ஆரஞ்சு நிறத்தில் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். வினை ஒரு கார்த்திகைப் பெண்ணால் வந்தது. கார்த்திகை என்றால் ஒரு கூட்டம். நீலப் புகைக்குள் வைரம் வைரமாக மின்னுகிற கூட்டம், பார்த்தால் கண் எடுக்க முடியாது. மாப்பிள்ளைக்கு மகம். மகத்தில் எங்களுக்குப் படமாக வந்தது ஒரே புள்ளி. ஆல்பம் வாங்கிப்போன மறுநாள் மாப்பிள்ளையின் மாமா வந்துவிட்டார்.

"என்ன பாய், பொண்ணு வீட்டுக்கு ஒரு நகைக்கடையே போட்டிருக்கீக. எங்க பையனுக்கு ஒத்தப் புள்ளியா? சபையில எங்களுக்கு மருவாதி வேணாமா?"

"வானத்துல அம்புட்டுத்தாங்க இருக்கு."

"கூட நாலஞ்சு சேத்து வச்சாத்தான் என்ன, கொறஞ்சா போயிருவீக?"

"இல்லாதத நான் எப்படிங்க வைக்கிறது?"

மாமா மேஜையைத் தட்ட, பாய் காலண்டரைக் காட்ட, நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பக்கம் முழுக்கப் போட்டுத் தருவது என்று சமாதானமானது. அதற்கு பாய் சம்மதித்தார். பெரிதாக்கினாலும் அது ஒரு புள்ளிதானே, பொய் இல்லையே!

சிரிப்புக்கு நடுவே ஒரு சாயங்காலத்தையும் சொல்லவேண்டும். ரமலானின் இருபத்தொன்பதாம் நாள். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. தெருவே மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. அடிவானத்தில் ஒரே மங்கல். யார் கண்ணிலும் படவில்லை. பாயுடைய டப்பா மட்டும் போனில் ஒரு நூல் காட்டியது, தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு நூல். தெருப் பிள்ளைகள் குதித்தார்கள். "பாய், பள்ளிவாசல்ல போயி பாத்தேன்னு சொல்லிருங்க! நாளைக்கு பெருநாள்!" அக்கா ஏற்கனவே மசாலா அரைத்து வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பாய் போனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "மெஷினு பாத்துச்சு. நான் பாக்கல."

"ரெண்டும் ஒண்ணுதான பாய்!"

"எப்படிடா ஒண்ணாகும்? நோன்பு வச்சது நானா மெஷினா?"

வேறு எங்கிருந்தும் சாட்சி வரவில்லை. மறுநாளும் நோன்பு. அக்கா ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. "அரைச்ச மசாலா கெட்டிருந்தா மெஷினத்தான் கறி ஆணத்துல போட்டிருப்பேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கென்னவோ அன்றைக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன்னால் அவரை வேடிக்கை மனிதராகத்தான் நினைத்திருந்தேன்.

இப்படிப்பட்டவர் வாரத்துக்கு இரண்டு கல்யாணத்தில், கண்ணெதிரே, ஒரு பொய்யைப் படம் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. அம்மி மிதித்ததும் ஐயர் மணப்பெண்ணை அழைத்து, "அதோ அருந்ததி, தெரியுதாம்மா?" என்று மண்டபத்து உச்சியைக் காட்டுவார். காலை பத்து மணி. மேலே மின்விசிறி சுற்றும். பெண்ணும் மின்விசிறியைப் பார்த்துத் தலையாட்டுவாள். ஒரு தடவை பாய் கேமராவை இறக்கிவிட்டு, "எங்கம்மா தெரியுது? எனக்கும் காட்டு" என்று கேட்டே விட்டார். அந்தப் பெண் பக்கென்று சிரிக்க, சபை சிரிக்க, ஐயருக்கு மூக்குக்கு மேல் கோபம். பாய் வந்தால் நான் வரமாட்டேன் என்று இரண்டு ஐயர்கள் சொல்லிவிட்டதாகவும் கேள்வி.

டப்பா வந்ததிலிருந்து பாய்க்கு ஒரே ஒரு ஆசை. ஒரு பெண்ணாவது, தன் கல்யாணத்தில், அருந்ததியை நிஜமாகவே பார்த்துவிட்டுப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். சொல்கிற அந்த முகத்தை அவர் படம் எடுக்கவேண்டும். கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தார். பகல் முகூர்த்தம் உதவாது. தை மாதத்தில் விடிவதற்கு முந்திய முகூர்த்தமாக இருந்தால் சப்தரிஷிக் கூட்டம் வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். வளர்பிறையாக இருந்தால் நிலாவும் அதற்குள் மறைந்திருக்கும். மண்டபத்துக்கு வடக்கே கட்டடம் இருக்கக்கூடாது. கல்யாணம் பேச வருகிறவர்களிடம் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று எல்லோரும் கேட்பார்கள். இவர், "மண்டபத்துக்கு வடக்க என்ன இருக்கு?" என்று கேட்பார். வாஸ்து பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் மரியாதையாகப் பதில் சொல்வார்கள். ஒன்று பொருந்தினால் ஒன்று பொருந்தாது. இரண்டு தை போயிற்று.

மூன்றாவது தையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். மாப்பிள்ளை ஆயக்குடியில் கொய்யாத் தோட்டக்காரர். வளர்பிறையில், காலை நாலரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் முகூர்த்தம். மண்டபத்துக்கு வடக்கே அறுவடை முடிந்த சோளக்காடு. பத்திரிகையை நீட்டியதும் பாய் அதை வாங்கிப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, நீ பாத்துருவம்மா!"

"பாத்துருவேன்ணே."

"பாக்காம தலைய மட்டும் ஆட்டிராத."

"ஆட்ட மாட்டேன்ணே, சத்தியமா," என்று சொல்லிவைத்தேன். கல்யாணப் பெண் எதற்கெல்லாம் சத்தியம் செய்வது என்று ஒரு வரைமுறை வேண்டாமா? என் புத்தி.

அன்று காலை மூன்றரைக்கு நான் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோளக்காட்டு ஓரம் பாய் டப்பாவை நிறுத்திவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். பனிமூட்டம். அவரைத் தாண்டிப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. "விலகிருமாண்ணே?" என்று ஜன்னலிலிருந்து கேட்டேன். "விலகும்னு நான் எப்படிம்மா சொல்ல?" என்றார். அந்த நேரத்திலும் அவரால் ஒரு ஆறுதல் பொய் சொல்ல முடியவில்லை.

ஐந்து மணிக்குத் தாலி ஏறியது. அம்மி மிதித்தாயிற்று. ஐயர் வழக்கம்போலக் கையை மண்டபத்து உச்சிக்குத் தூக்கினார்.

"அருந்ததி தெரியுதாம்மா?"

வாய் வரைக்கும் வந்தது, பார்த்தேன் என்று. எதிரே கேமராவுக்குப் பின்னால் பாய்.

"தெரியல சாமி," என்றேன்.

அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினார். "பாத்தேன்னு சொல்லுடி, பந்தி காத்துக் கெடக்கு!" ஐயர் குரலைத் தணித்து, "பார்த்ததா பாவிச்சுக்கணும்மா" என்றார். அத்தை, அதாவது என் மாமியார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாலி ஏறி பத்து நிமிஷம் ஆகவில்லை, மருமகள் அடம்பிடிக்கிறாள். அப்போது பாய் போனை உயர்த்திக்கொண்டு, "பனி விலகிருச்சு! மெஷினு புடிச்சிருச்சு!" என்று கூவிக்கொண்டே மேடைக்கு வந்தார்.

போன் கைமாறியது. படம் அருமையான படம். கருப்பில் பளிச்சென்று வசிஷ்டர், சற்றுத் தள்ளி அருந்ததி. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கினார். பெரிதாக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க பாய், இதுல மூணு இருக்குதுங்களே. வசிஷ்டரு ஒண்ணு, அருந்ததி ஒண்ணு. இந்த மூணாவது ஆருங்க?"

ஐயர் பாயின் காதோரம், "தூசின்னு சொல்லிடுங்க பாய்" என்றார்.

"தூசி இல்ல சாமி," என்று பாய் சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "அம்மா, அந்தப் பெரிய புள்ளி இருக்குல்ல, அது ஒருத்தர் இல்ல. ரெண்டு பேரு ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும். மெஷினு பிரிச்சுக் காட்டிருச்சு."

"வசிஷ்டரே ரெண்டுங்களா?" அத்தைக்குக் குரல் ஏறியது. "அந்த ரெண்டாவது ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்கம்மா. நான் பாக்கல."

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து நாதஸ்வரத்தை எடுத்துவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளைக்குத் தோள் குலுங்கியது. என் அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். சபையில் ஆளுக்கொரு பேச்சு. கல்யாணத்தன்றைக்கே வசிஷ்டருக்கு இன்னொரு குடும்பம் கண்டுபிடித்துக் கொடுத்த பெருமை எங்கள் பாய்க்கே உரியது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அவருக்கு முடிவு தெரிந்தாகவேண்டும், அதுவும் உடனே.

"போன்ல பாத்தா ஆவாதுங்க. நானே கண்ணுல பாத்துக்கறனுங்க. வெளிய இருக்கற லைட்டையெல்லாம் அணைக்கச் சொல்லுங்க!"

பாய் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அவர் சொல்ல நினைத்ததையெல்லாம் அத்தையே சொல்லிவிட்டார். "அதத்தாங்கம்மா நானும் சொல்றேன்! மெஷினு வழி காட்டும், அம்புட்டுத்தான். பாக்க வேண்டியது கண்ணு. வாங்க, கெழக்க வெளுக்க இன்னும் செத்த நேரந்தான் இருக்கு!"

மாப்பிள்ளையின் தாயார் சொன்னால் மண்டபத்தில் மறுபேச்சு உண்டா? வாசல் வளைவு, சீரியல் செட், எங்கள் இரண்டு பேர் பெயரும் மின்னிக்கொண்டிருந்த பலகை, எல்லாம் அணைந்தன. யாரோ அவசரத்தில் மெயினையே இறக்கிவிட்டதில் உள்ளேயும் இருட்டு. பந்தியில் கேசரியின்மேல் சாம்பார் விழுந்ததாகப் பிறகு புகார் வந்தது. பட்டுச்சேலை சரசரக்க, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, முந்நூறு பேர் சோளக்காட்டு ஓரத்தில் கழுத்தை அண்ணாந்து நின்றோம்.

பனி கழுவிவிட்ட வானம். பாய் குரல் மட்டும் கேட்டது. "வடக்க பாருங்க. கரண்டியக் கவுத்து வச்சாப்ல ஏழு இருக்கா? வலது பக்கம் காம்பு. காம்புல மூணு. நடுவுல இருக்கிறவர்தான் வசிஷ்டர். அவரையே பாரும்மா, அவசரப்படாத."

பார்த்தேன். வசிஷ்டர் தெரிந்தார், பக்கத்தில் ஒன்றுமில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கிழக்கே லேசாகச் சாம்பல் பூத்தது. "சொல்லிடும்மா, நேரமாகுது" என்றார் ஐயர். அந்த இருட்டில் நான் பார்த்தேன் என்று சொன்னால் இல்லை என்று சொல்ல யாரால் முடியும்? பாயால்கூட முடியாது. அதனால்தான் சொல்ல முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெற்றிச் சுட்டியை மேலே தள்ளினேன். பார்வையை ஒரு நூல் நகர்த்தினேன்.

இருந்தாள். ஊசிமுனை மாதிரி, அவரை ஒட்டி.

"தெரியுது! சாமி, தெரியுது! அண்ணே! நெசமாவே இருக்குண்ணே!" என்று நான் போட்ட கூச்சலில் சோளக்காட்டுக்குள்ளிருந்து ஏதோ பறவை பறந்தது. மாப்பிள்ளை அடுத்து, "அட, ஆமா!" என்றார். அத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு, "ரெண்டே ரெண்டுதானுங்க. மூணாவது ஆரும் இல்லீங்க" என்று சபைக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "நீ அடம் புடிக்கலீன்னா நானும் பாத்திருக்கமாட்டனே கண்ணு." பக்கத்தில் அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நாம பாக்கவே இல்லியேங்க, இப்பப் பாருங்க." எங்கு பார்த்தாலும் நரைத்த ஜோடிகள் ஒருவருக்கொருவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயர் மெதுவாக என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காதபடி, "எதும்மா அது?" என்றார். நான் காட்டினேன். அவர் கைகூப்பினார்.

அப்புறம்தான் எனக்கு பாய் நினைவு வந்தது. சற்றுத் தள்ளி, தனியாக நின்றார். இந்த முகத்தைப் படம் எடுக்கத்தானே மூன்று தை காத்திருந்தார்? கேமரா கழுத்தில் சும்மா தொங்கியது.

"எடுக்கலியாண்ணே?"

"லைட்டத்தான் அணைச்சாச்சே, எதம்மா எடுக்கிறது," என்று சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வடக்கே பார்த்தார்.

"நல்லாத் தெரியுதுல்லண்ணே?"

"எனக்கு ஒண்ணாத்தாம்மா தெரியுது. எப்பவும் அப்படித்தான். என் கண்ணு அம்புட்டுத்தான்."

எத்தனை பேரை நிமிர்ந்து பார் என்று அனுப்பிய மனிதர்!

"எந்தப் பக்கம் இருக்கு?" என்று அவர்தான் கேட்டார்.

"வலது பக்கம்ணே. ஒரு நூல் கீழ. ஒட்டினாப்ல."

"வலது பக்கமா." தலையைக் கொஞ்சம் சாய்த்து, நான் சொன்ன இடத்தைப் பார்த்தார். அவருக்கு அங்கே வெறும் இருட்டுதான் இருந்திருக்கும். யார் சொல்லியும் எதையும் நம்பாத அந்த மனிதர் வெகு நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ பாத்துட்ட. அப்ப இருக்குது," என்றார்.

புகுந்த வீட்டுக்குக் காரில் ஏறும்போதுகூட நான் அழவில்லை. சோளக்காட்டு ஓரத்தில், அப்போதுதான் அழுதேன்.